பிள்ளை பார்க்கும் மெஷின்

மாலிபுசெங் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் எதிரெதிர் வீடு. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே அவள் தலையில் வாளியோடு ஊற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருப்பாள். ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவள் கைபட்டது. சாணியும் செம்மண்ணும் மிதித்துக் குழைத்து, பூசி, ஈரம் காய்வதற்குள் விரலால் கோடு இழுத்து அலங்காரம் போட்டுவிடுவாள். நான் சோள பீர் காய்ச்சி விற்கிறவள். ஒரு குவளை நீட்டினால் வாசலில் நின்றபடியே குடிப்பாள்.

"உக்காந்துதான் குடியேன்டி. என் திண்டு என்ன முள்ளா குத்துது?"

"உக்கார்றதுக்கு நான் என்ன உன்ன மாதிரி வியாபாரியா? எனக்கு வேல கெடக்கு."

எங்கள் இரண்டு பேருக்குமே வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் ஒத்துப்போனது.

அவள் புருஷன் கோராய் வாலிப வயசிலேயே எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன். திரும்பி வந்தபோது நெஞ்சுக்குள் சுரங்கத்துத் தூசியையும் காசநோயையும் சுமந்துகொண்டு வந்தான். மாத்திரை தின்று, இருமி, ரத்தம் துப்பி, வெயிலில் சுவரோரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, எங்கள் மலையில் கடுங்குளிர் மாதமான ஜூலையில் போய்ச் சேர்ந்தான். நல்ல மனுஷன். என் கடையில் சொன்ன வார்த்தை மாறாத ஒரே ஆள்.

வழக்கப்படி அறையைக் காலிசெய்து, மேசை நாற்காலியை வெளியே போட்டு, தரையில் மெத்தையை விரித்து, மாலிபுசெங்கை அதில் உட்காரவைத்தார்கள். தலையிலிருந்து கால்வரை கம்பளி. புருஷனை மண்ணில் வைக்கும்வரை அவள் எழுந்திருக்கக் கூடாது. விடியுமுன் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை வெளியே போய்வரலாம், அவ்வளவுதான். சாதாரணமாக ஒரு சனிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த வருஷம் பனி கொட்டிவிட்டது. கணவாய்ப் பாதை மூடிக்கொண்டது. சவக்கிடங்கிலிருந்து உடலைக் கொண்டுவர வழியில்லை. சுரங்கத்திலிருக்கும் கோராயின் தம்பியாலும் ஏறிவர முடியவில்லை. ஒரு சனிக்கிழமை போனது, அடுத்ததும் போனது, பாதை திறக்கவே இல்லை. மாலிபுசெங் மெத்தையிலேயே இருந்தாள்.

காரியத்துக்கு பீர் காய்ச்சும் பொறுப்பு என்னுடையது. ஊறவைத்த சோளம் அந்தக் குளிரில் முளைப்பேனா என்றது. அடுப்படியில் சாக்கு போர்த்தி வைத்து, வறட்டியைப் போட்டுப் புகைமூட்டிக் காத்துக் கிடந்தேன். காரியத்தின் நாள் தள்ளிப்போகப் போக, முளைத்ததை அரைப்பதா காயவைப்பதா என்று தெரியாமல் தினமும் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பேன். போகும்போது ஒரு கிண்ணம் புளித்த கூழ் எடுத்துப்போவேன்.

"குடிடி, சூடா இருக்கு."

"வேண்டாம்."

"நேத்தும் வேண்டாம்ன. தண்ணியாவது குடி."

அவள் ஓரக்கண்ணால் நாத்தனாரைப் பார்த்துவிட்டு என் காதோரம் சொன்னாள். "குடிச்சா நடுவுல வெளிய போகணும்ல. பகல்ல எந்திரிச்சா ஊரே பாக்கும். இவங்க மூஞ்சி தூக்கிருவாங்க."

நாத்தனார் மாதுமேலோ, கோராயின் அக்கா. எங்கள் பக்கம் சாவு வீட்டில் அப்பன் வழி அத்தை சொல்வதுதான் சட்டம். கெட்டவள் என்று சொல்லமாட்டேன்; தம்பிக்காக அவள் அழுதது வேஷமில்லை. தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்திலேயே வெறும் பாயில் கிடந்தாள். ஆனால் அவள் கிழவி, முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்தபோதெல்லாம் எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டு வருவாள். விதவைக்கு அது கிடையாது.

"கெண்டக்கால் வலிக்குது மாபுலானே," என்றாள் மாலிபுசெங் ஒருநாள். மாபுலானே நான்தான். "இடது கால். துணியப் பிழியிற மாதிரி முறுக்குது."

மாதுமேலோ அதைக் கேட்டுவிட்டாள். "வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலிக்கலையா? எம் புருஷன் போனப்ப நானும்தான் உக்காந்தேன். செத்தா போயிட்டேன்?"

சுவரோரம் இருந்த ஒரு கிழவி பொக்கை வாயைத் திறந்தாள். "வேற யாருமில்ல, கோராய்தான் காலப் பிடிச்சு இழுக்கான். தனியாப் போக அவனுக்கு பயம். சின்னதுலயே இருட்டுன்னா அலறுவான்."

அறையே சிரித்தது. துக்க வீட்டில் வரும் சிரிப்பு அடக்க அடக்க ஜாஸ்தியாகும். கம்பளிக்குள் மாலிபுசெங்கும் குலுங்கினாள். "இழுத்தா ரெண்டு காலையும் இழுக்கச் சொல்லுங்க. ஒத்தக் கால வச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன்?" என்றாள்.

நானும் சிரித்தேன். கம்பளியை விலக்கி அந்தக் காலைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விதவையின் கம்பளியை விலக்க மாட்டோம்.

ஒருவழியாகப் பனி உருகி, தம்பிக்காரன் வந்து, அடக்கம் நடந்தது. இடுகாடு மலைச்சரிவில் இருக்கிறது. அத்தனை நாளைக்குப்பின் எழுந்து நின்ற மாலிபுசெங் நொண்டினாள். சரிவில் பாதி ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மூச்சு வரல."

"மெதுவா. அழுதுட்டே நடந்தா அப்பிடித்தான்."

"நான் அழல மாபுலானே. மூச்சுதான் வரல. இங்க குத்துது." விலாவைத் தொட்டுக் காட்டினாள். மூன்று மைல் தள்ளி மாவரைக்கப் போய், தலையில் மூட்டையோடு பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிறவள் அவள். சுற்றி நின்றவர்கள் அதைத் துக்கம் என்றார்கள். ஒரு பெண் விசிறிவிட்டாள். அவளுக்கு மொட்டையடித்து, கறுப்பு உடுத்திவிட்டு, மாடு அறுத்து, என் பீரைக் குடித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மகள் லிபுசெங்கும் தலைநகரத்தில் துணி தைக்கும் வேலைக்குத் திரும்பிப் போனாள். அதற்குமேல் லீவு எடுத்தால் அவள் இடத்தில் இன்னொருத்தியை உட்காரவைத்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் மாலிபுசெங் இருமினாள். கைத்துணியில் ரத்தம்.

எங்கள் ஊரில் எச்சிலில் ரத்தம் கண்டால் யாரும் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. சுரங்க நெஞ்சு, அவ்வளவுதான். ஆண்களுக்கு அது சுரங்கத்திலிருந்து வரும், பெண்களுக்கு ஆண்களிடமிருந்து வரும். ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேரை இப்படித் தூக்கியிருக்கிறோம்! மாதுமேலோ அழுதுகொண்டே, கோராய் மிச்சம்வைத்துப் போன மாத்திரை அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"அவன் உனக்குக் குடுத்த சீரு இது. அவன் மாத்திரையே உன்னக் காப்பாத்தட்டும். தின்னு."

மாலிபுசெங் தின்றாள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. கோராய்க்கும் அப்படித்தான் போகும். மருந்து வேலை செய்கிறது என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. முற்றத்தைக் கூட்டினால் நடுவில் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நான் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் சளியை எடுத்து அனுப்பினாள். பதில் வந்த அன்று எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சத்தம் போட்டாள்.

"கிருமி ஒண்ணுமில்ல. செத்தவர் மாத்திரைய எடுத்துத் தின்னச் சொன்னது யாரு? இது என்ன, பழைய சட்டையா, அவரு போனதும் இவங்க போட்டுக்கிறதுக்கு?"

"கிருமி இல்லன்னா ரத்தம் எதுக்கு வருது?" என்றேன்.

"நிமோனியாவா இருக்கலாம். இந்த கேப்சூலக் குடுங்க. கேக்கலன்னா மாவட்ட ஆஸ்பத்திரிதான்."

கேட்கவில்லை. மாத முடிவில் லிபுசெங் ஊருக்கு வந்தாள். தைத்துத் தைத்து முதுகு கூனின பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். அம்மா இப்போது படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் என் வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது.

"நீங்கல்லாம் மனுசங்கதானா? போன்ல கேட்டா நல்லாருக்கா, நல்லாருக்காங்கிறீங்க! உதடப் பாருங்க அத்த, நீலமா இருக்கு!"

"குளிருக்கு எல்லாருக்கும்தான் நீலமா இருக்கு," என்றாள் மாதுமேலோ. ஆனால் எழுந்து தன் கம்பளியைத் தேடினாள். "கூட்டிட்டுப் போ. நானும் வரேன். கறுப்புத் துணியோட வீட்டத் தாண்டிப் போறா, கூட ஆள் வேணும்."

"நானும் வரேன்," என்றேன். அன்றைக்குக் கடை திறக்கவில்லை.

வேனில் விதவை பின்னால்தான் உட்காரவேண்டும். மலைப்பாதையில் பின்சீட்டில் தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டு, இறங்கும்போது அவளால் பேசவே முடியவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் கபாசெலே காங்கோக்காரர். எங்கள் பாஷை தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்பார், ரெட்சபிலே என்ற நர்ஸ் எங்களுக்குச் சொல்வாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும். கல்யாணத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் சமையலறையில் ஏச்சு வாங்கியே கற்றுக்கொண்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பாஷை தெரிந்தவளுக்கு வேலை ஜாஸ்தி.

நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். விரலில் மாட்டிய கிளிப்பின் எண்ணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"படம் சுத்தமா இருக்குங்கிறார்," என்றாள் ரெட்சபிலே.

"அப்பாடா!" என்றாள் மாதுமேலோ.

"இல்லம்மா. இவ்வளவு மூச்சுத் திணறல் இருந்தும் படம் சுத்தமா இருக்கறதுதான் பயமா இருக்குங்கிறார். கொஞ்சம் கேக்கணுமாம். தூரப் பயணம் எதுவும் போனாங்களா?"

"இவ எங்க போவா? வீட்டுலதான்."

"ஆபரேஷன்? எலும்பு முறிஞ்சதா?"

"இல்ல."

"நாள்கணக்கா படுக்கையில கெடந்தாங்களா?"

மாதுமேலோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படுக்கையா? எங்க வீட்டுல படுத்துக் கெடக்குற மருமக யாரும் கெடையாது. இவ ஊருக்கே சுவர் பூசறவ."

டாக்டர் பேனாவை மூடினார். அப்போது மாலிபுசெங் பேசினாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. "உக்காந்திருந்தேன்னு சொல்லு தாயி. வாழ்க்கையில உக்காராததெல்லாம் சேத்து உக்காந்துட்டேன்."

ரெட்சபிலே இந்த ஊர்ப் பெண். லேசாகச் சிரித்தாள். "அது துக்கம்மா. அத எதுக்கு இவர்ட்ட..."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றார் டாக்டர்.

நர்ஸ் சொன்னாள். மெத்தை, பனி, மூடிய பாதை, எல்லாம். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "எங்க அம்மாவும் உக்காந்தாங்க. எங்க ஊர்ல மெத்தை இல்ல, பாய்," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, "காலைக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

மாதுமேலோ கறுப்புப் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அந்நிய ஆம்பள! துக்கம் கழியல!"

லிபுசெங் அத்தையின் கையைப் பிடித்து விலக்கினாள். அடித்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். பாவாடையை முழங்காலுக்குமேல் தூக்கினாள். வலது கால் கால் மாதிரி இருந்தது. இடது கால் தொடைவரை வீங்கி, தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டு நின்றது. ஐயோ, அந்தக் காலை வைத்துக்கொண்டா இவள் இடுகாட்டுச் சரிவில் ஏறினாள்!

டாக்டர் நாடாவால் இரண்டையும் அளந்தார். பிறகு லிபுசெங்கைப் பார்த்தே பேசினார், நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது என்று அவர் நினைக்கிறார். அதிலிருந்து துண்டு உடைந்து ஓடிப்போய் நுரையீரலில் அடைத்திருக்கிறது. இதுவரை போனது சின்னத் துண்டு. பெரியது பின்னால் வரலாம்.

"இது கோராய் குடுத்ததில்லையா?" என்றாள் மாதுமேலோ.

"இல்லம்மா. இது யாரும் குடுக்கறதில்ல."

"மருந்து இருக்கா?" என்றாள் லிபுசெங்.

"ஊசி இருக்கு. ஆனா ரத்தம் உறையாம செய்யிற ஊசி அது. ரத்தம் துப்புறவங்களுக்கு நிச்சயமாத் தெரியாமப் போட்டா, வேற காரணமா இருந்தா, நிக்காமப் போயிருமாம். நெஞ்சுக்குள்ளயே பாக்குற பெரிய மெஷின் இங்க இல்ல. பிள்ளை பாக்குற மெஷின் இருக்கு. அத வச்சுக் கால் நரம்பப் பாக்கலாம்ங்கிறார். கட்டி தெரிஞ்சா உடனே ஊசி. பிரசவ வார்டுக்குப் போங்க, பின்னாலயே வரேன்ங்கிறார்."

அன்று பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் நாள். பிரசவ வார்டு வராந்தாவில் பெஞ்சு நிறைய வயிறுகள். கூடவே மாமியார்கள், அம்மாக்கள். சக்கர நாற்காலியில் கறுப்புத் துணியும் மொட்டைத் தலையுமாக மாலிபுசெங்கை லிபுசெங் தள்ளிக்கொண்டு திரும்பியதும், பேச்சு நின்றுவிட்டது.

பச்சைக் கம்பளி போர்த்திய ஒரு மாமியார் எழுந்து குறுக்கே வந்தாள். "எங்கம்மா வரீங்க? இது பிள்ளைத்தாய்ச்சிங்க இடம்."

"டாக்டர்தான் அனுப்பினாரு. அந்த மெஷின்ல எங்கம்மாவப் பாக்கணும்."

"அந்தக் கட்டில்லயா? எம் மருமக படுக்கற கட்டில்லயா? புதுக் கறுப்பு உடுத்தவள அதுல படுக்க வச்சு, சாவுத் தீட்ட எங்க பிள்ளைங்க வயித்துல ஏத்தவா?"

பின்னாலிருந்து எவளோ கிசுகிசுத்தாள். "புருஷன் குழி மண்ணு காயல, அதுக்குள்ள பிள்ளை பாக்க வந்துட்டா பாரு." சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யாருடி அவ?" என்றேன். "பாத்துட்டுப் போறேன். உம் பிள்ளைக்கு அப்பன் பேரு தேடித்தான பெஞ்சு தேய்க்கிற? எந்திரிச்சு வந்து சொல்லுடி!"

சிரிப்பு நின்றது. ஆனால் பச்சைக் கம்பளி நகரவில்லை. சண்டை போடலாம், எனக்கு அது புதிதா என்ன. ஆனால் என் கையைப் பிடித்தவள் மாலிபுசெங்.

"விடு. அவங்க சொல்றது சரிதான். நானும் பெத்தவதான. என்னால ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா... நாற்காலியத் தள்ளி அந்தச் சுவரோரம் போடு. எல்லாம் முடியட்டும்."

"அம்மா, உனக்குப் பெருசு வரும்னு டாக்டர் சொன்னத நீ கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"அப்ப அந்தக் கறுப்புத் துணியவாவது கழட்டு. எங் கம்பளியப் போத்திக்க. யாருக்கும் தெரியாது."

"கழட்டுனா கோராய்க்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் மாதுமேலோ. "மாசக்கணக்கு இருக்கு அதக் கழட்ட. நடுவழில கழட்டுனா அவன் எங்க போவான்?"

லிபுசெங் டாக்டரைத் தேடி ஓடினாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள். பிரசவத்தில் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை, அவர் ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டாராம். மெஷினை ஓட்டும் நர்ஸ் அவர் உத்தரவில்லாமல் வரிசையை மாற்றமாட்டேன் என்றாள். எட்டு மாச வயிறோடு இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். "அந்தம்மா போகட்டும். எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது." பச்சைக் கம்பளி அவள் போர்வையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

காத்திருந்தோம். ஒவ்வொரு வயிறாக உள்ளே போனது, வெளியே வந்தது. சிலர் கையில் படம் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வந்தார்கள். மாதுமேலோ பொட்டலத்திலிருந்து களியும் கீரையும் எடுத்துப் பிட்டு மாலிபுசெங்கின் வாயில் வைத்தாள். அவளால் மென்றுகொண்டே மூச்சு விட முடியவில்லை. வெயில் வராந்தாவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விட்டது.

டாக்டர் கபாசெலே கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பெஞ்சில் ஓரிருவர்தான் மிச்சம். சுவரோரம் எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. "இன்னும் பாக்கலையா?" என்று இங்கிலீஷில் கத்தினார். நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரும் குறுக்கே வரவில்லை.

லிபுசெங்கும் நானும் கூட நின்றோம். காலில் பசை மாதிரி எதையோ தடவி, மெஷினின் கைப்பிடியைத் தொடையில் வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ ஓடியது. முதலில் நல்ல காலில் அழுத்திக் காட்டினார்: கறுப்பு வட்டம் ஒன்று, அழுத்தினால் தட்டையாகி மறைந்தது, விட்டால் திரும்ப வந்தது. பிறகு இடது கால். அதே வட்டம். அழுத்தினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். அப்படியே நின்றது.

"இது," என்றார் லிபுசெங்கிடம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மாலிபுசெங் தலையைத் தூக்கித் திரையைப் பார்க்க முயன்றாள். "என்னவாம்? பையனா, பொண்ணா?"

ரெட்சபிலே வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் என்னவென்று கேட்டு, அவள் சொன்னதும், அந்த மனுஷனும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே என்று எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

வயிற்றில் ஊசி போட்டார்கள். வார்டில் கட்டில் கொடுத்து, மூக்கில் குழாய் வைத்தார்கள். கட்டி கரைய நாளாகும், ஊசி அது வளராமல் பார்த்துக்கொள்ளும், இருக்கும் கட்டி இடம் பெயராமல் இருக்கவேண்டும், அதற்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஏழெட்டு மணி நேரம் முன்னால் போட்டிருந்தால் நல்லது என்று அவர் தனக்குத்தானே சொன்னதை நான் மட்டும் கேட்டேன்.

"இப்பத் தண்ணி குடிக்கலாமா?" என்றாள் மாலிபுசெங்.

"எவ்வளவு வேணாலும் குடிங்க," என்றாள் ரெட்சபிலே.

லிபுசெங் குவளையைப் பிடிக்க, அவள் முழுசும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். "வீட்டுக்குப் போனதும் மாபுலானே வீட்டுக் கெழக்குச் சுவரப் பூசணும். பனில உரிஞ்சு கெடக்கு. பாக்கவே அசிங்கமா இருக்கு," என்றாள்.

"முதல்ல நீ நேரா நில்லுடி, அப்புறம் எஞ் சுவரப் பாத்துக்கலாம்."

"நின்னாப் போச்சு."

சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்கப் போனாள். முகம் மாறியது. லிபுசெங்கின் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள், வாயைத் திறந்தாள், மூச்சு உள்ளே போகவே இல்லை. அப்படியே பின்னால் சாய்ந்தாள். டாக்டர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார். நர்ஸ்கள் மாறி மாறி அழுத்தினார்கள். கட்டில் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது.

லிபுசெங் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அம்மா பிடித்த சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் டாக்டர் சுவரில் சாய்ந்து நின்றார், பக்கத்தில் ரெட்சபிலே. மாதுமேலோ தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போனாள். அவள் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"அவர்ட்ட ஒண்ணு கேளு தாயி. இவ எந்திரிச்சு உக்காந்ததாலயா போனா?"

டாக்டர் மறுத்துத் தலையசைத்தார். இல்லை, படுத்திருந்தாலும் அந்தத் துண்டு வந்திருக்கும் என்றார். ரெட்சபிலே அப்படியே சொன்னாள்.

"இன்னொண்ணு. மெத்தையில இருந்தப்ப, நான் அவள எந்திரிக்க விட்டிருந்தா... என்னய மாதிரி முற்றத்துல போயிட்டுப் போயிட்டு வந்திருந்தா, தண்ணி குடிச்சிருந்தா, இருந்திருப்பாளா?"

டாக்டர் கிழவியைப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னார். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுந்து நடந்திருந்தால், வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்திருந்தால், பெரும்பாலும் இந்தக் கட்டி வந்திருக்காது, அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்றார்.

ரெட்சபிலே டாக்டரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லம்மா. இது வர்றவங்களுக்கு வரும். நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்றாள்.

நல்ல பெண். அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மாதுமேலோ நீளமாக மூச்சு விட்டாள். நிமிர்ந்தாள். குரல் பழையபடி ஆனது.

"சரி. கடவுள் விட்ட வழி. சுரங்கத்துல இருக்குற தம்பிக்குப் போன் போடணும். திரும்பவும் லீவு குடுப்பாங்களோ என்னவோ, காத்திருக்கத்தான் வேணும். மாபுலானே, நீ சோளத்த ஊறப்போடு. புருஷனும் இல்ல, மாமியாரும் இல்ல, இவளுக்கு லிபுசெங்தான் உக்காரணும். ராத்திரியே அறையக் காலி பண்ணிரணும்."

நான் நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். கதவு வழியாகத் தரையில் லிபுசெங்கின் கூனின முதுகு தெரிந்தது.

"அக்கா," என்றேன். "எனக்கு அந்த பாஷ தெரியும்."

ரெட்சபிலே என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அவர் சொன்னது வேற. நடந்திருந்தா இருந்திருப்பான்னு சொன்னாரு. பெரும்பாலும் இருந்திருப்பான்னாரு. இவ உங்களுக்காக மாத்திச் சொல்றா."

மாதுமேலோ நர்ஸைப் பார்த்தாள். ரெட்சபிலே தலையைக் குனிந்துகொண்டாள். மாதுமேலோ டாக்டரைப் பார்த்தாள். அவருக்கு எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் எதைப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். அவர் முகத்தைத் திருப்பவில்லை. கிழவி சுவரில் கையை ஊன்றினாள். அழுவாள், என்னை அறைவாள், எதற்கும் தயாராக நின்றேன். இரண்டும் நடக்கவில்லை. உதடு மட்டும் என்னவோ முனகியது. கோராய் பெயரா, மாலிபுசெங் பெயரா, தெரியவில்லை.

அப்புறம் வார்டுக்குள் போனாள். குனிய முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு குனிந்து, லிபுசெங்கின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்தாள்.

"எந்திரி."

"விடுங்க அத்த. நான் அம்மாகிட்ட இருக்கேன்."

"எந்திரிடி. தரையில உக்காராத."

"எங்க போக?"

"எங்கயும் இல்ல. நட."

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவி அவளை நிறுத்தி, இடுப்பில் கை கொடுத்து, வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் அந்தக் கோடிவரை நடந்தார்கள், திரும்பினார்கள், மறுபடி நடந்தார்கள். லிபுசெங் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். மாதுமேலோ அவளை நிற்கவிடவில்லை.